பாறை என்று குறித்த நாற்பத்தோரு கூரைகள்

செஞ்சி,
4.8.2025

தம்பி நெடுமாறனுக்கு,

நான் குருவைக் கட்டிக்கிட்டதிலிருந்து, நாலு வருஷமா, என் போனை நீ எடுக்கறதில்ல. அதான் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுறேன். ஒழுங்கா சாப்புடுறியா? நம்ம ஊரு வல்லத்துல நைனாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது?

பேரூராட்சி சுவத்துல புது நகரத் திட்டம் ஒட்டியிருக்காங்க. கோட்டைக்கு வர்ற வண்டிங்களுக்கு பார்க்கிங்காம். மலையடிவாரத்துல எங்க தெரு மேலயே வரைஞ்சிருக்குது. கீழ உன் கம்பெனி பேரு. நாப்பத்தோரு வீடுடா! ஆட்சேபனை சொல்ல இருபத்தொம்பதாந்தேதி கடைசி. இன்னா இது?

அக்கா,
ஜெயக்கொடி

சென்னை,
8.8.2025

அக்காவுக்கு,

நலம். நைனாவுக்கும் பரவாயில்லை.

அதை வரைந்தது கம்ப்யூட்டர். மேலிருந்து எடுத்த படங்களைக் காட்டி, இது வீடு, இது பாறை என்று கற்றுக்கொடுத்தால், மீதி ஊரை அதுவே பிரித்துக் காலி இடத்தில் பார்க்கிங் போடும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிறது. படத்தை நானும் பார்த்தேன். வெறும் பாறைச் சரிவு. நீ வேறு தெருவைச் சொல்கிறாய்.

நெடுமாறன்

செஞ்சி,
12.8.2025

தம்பிக்கு,

பாறையா? எங்க கூரையெல்லாம் சிமெண்டு ஷீட்டு. காத்துல பறக்காம இருக்க மேல கல்லு வெச்சிருக்கோம். என் கூரையில மட்டும் பதினொண்ணு. குரு ஏறி எண்ணிட்டு வந்தாரு. “பாறைக்கு எதுக்கு டிஷ் ஆன்டெனான்னு இன்ஜினியரைக் கேளு”ன்றாரு.

ஒரு தடவை வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

ஜெயக்கொடி

சென்னை,
18.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தெருவைப் பாறை என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று தேடினேன். நான்தான். நம்ம ஊர்ப் பக்கம், எனக்குத் தெரியாததா என்று முன்பு செஞ்சிப் படங்களை நானே கேட்டு வாங்கியிருந்தேன். ஆயிரத்து எண்ணூறு படம், ஆறே நாள். சாம்பல் நிறம், மேலே கல் என்றால் பாறை என்று குறித்துக்கொண்டே போனேன். அந்தத் தொண்ணூற்றாறும் நான் குறித்ததை வைத்தே சரிபார்த்ததுதான்.

மேலாளர், “பின்னால திருத்திக்கலாம், இப்ப வாயைத் தொறக்காத” என்றார். முடியாது என்றேன். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுப் பேரூராட்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஆனால் என் கடிதம் மட்டும் போதாது. நாற்பத்தோரு வீட்டையும் அளந்து, வீட்டுக்காரர்கள் கையெழுத்தோடு கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். ஞாயிறு, இருபத்து நான்காம் தேதி, முதல் பஸ்ஸில் வருகிறேன். எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல். உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவில்லை. தெருமுனையில் வந்து நில்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாமாவை அன்றைக்கு எங்கும் போகவிடாதே.

தம்பி,
நெடுமாறன்