நான் தட்டினால் நிற்கும் வண்டி

என்னங்க,

நேற்று பரணைக் குடைந்தேன். திட்டாதீர்கள், ஸ்டூலை நம் மகள் பிடித்துக்கொண்டாள். உங்கள் வண்டியைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். தார்ப்பாயை விலக்கியதும் டேங்கை ஆசையாகத் தடவினார். பார்வை கீழே இறங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது, ஸ்போர்ட்ஸ் பைக் வீல மாட்டி, டிஸ்க் பிரேக் வச்சு... நல்ல வண்டிய கெடுத்துட்டாங்களே. பழைய வீலு இருக்குதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வீடு தேடி வந்த மனிதர் என்று பார்க்கப் போனேன். வீல் கிடைக்கவில்லை. நீங்கள் கம்பெனிக்குத் தோளில் மாட்டிப்போகும் பையில் ஒரு பழுப்பு அட்டை கிடைத்தது. உள்ளங்கை அகலம், இரண்டு ஓட்டைகள், ஓரத்தைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஒரு பென்சில் கோடு. மூக்கருகே கொண்டுபோனேன். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை இன்னும் லேசாக இருந்தது. அதுதான் உங்கள் சட்டை வாசனையும். ஸ்டூல்மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கீழேயிருந்து மகள் "அம்மா, கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆம்பூர் வீட்டில் நமக்கென்று ஒரு மூலை இருந்ததா சொல்லுங்கள். உங்கள் அம்மா, தம்பிகள், அவர்கள் பிள்ளைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள். எனக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ரயிலில் போய்வருவேன், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற வேலை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மிச்சமிருந்தது உங்கள் அப்பா விட்டுப்போன அந்தக் கறுப்பு வண்டி மட்டும்தான். ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும். உங்கள் காதருகே நான் கத்துவேன். நீங்கள் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டுவீர்கள். சண்டைகூட அதன்மேல் உட்கார்ந்துதான் போட்டோம். வீட்டில் சண்டை போட இடமேது?

அப்புறம் அந்த மழை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஈரத் தோல் ஏற்றிய மாட்டுவண்டி. நனைந்தால் அந்த வண்டியின் டிரம் பிரேக் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்கள் மிதிக்கிறீர்கள், மிதிக்கிறீர்கள், வண்டி பாட்டுக்குப் போகிறது. பட்டுப்புடவையோடு நான் தோல் மூட்டையின்மேல் போய் விழுந்தேன். மெத்தென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. புடவை வாசனை எத்தனை முறை அலசியும் போகவில்லை. கட்டுப் போட்ட கையோடு வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: "ஒண்ணு அது நிக்கணும், இல்லன்னா அது இந்த வூட்ட வுட்டுப் போகணும். அது வரைக்கும் நான் அது மேல உக்கார மாட்டேன்."

அதன்பிறகு ஸ்டேஷனிலிருந்து நான் ஆட்டோவில் வந்தேன். நீங்கள் பின்னாலேயே வண்டியில் வந்தீர்கள். ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடியில் உங்கள் ஹெட்லைட் ஆடி ஆடி வருவது தெரியும். மாதக்கணக்கில் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சாப்பாடு போடட்டுமா, போடு. தண்ணி வேணுமா, வேணாம். இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று பயந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. வீம்பு.

நீங்களும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு கோணியில் எதையோ கட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்கோ அடிபட்டு நொறுங்கிய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றின் இரண்டு சக்கரங்கள், தடித்த டயர், ஓட்டை ஓட்டையாகப் பளபளக்கும் டிஸ்க். அன்று முதல் கம்பெனி விட்டதும் உங்கள் தோஸ்த் ரபீக் பாயின் லேத் பட்டறைதான் உங்களுக்கு வீடு. அகலமான சக்கரம் பழைய ஃபோர்க்கின் நடுவே உட்கார வேண்டும், அதன் அச்சு ஆடாமலிருக்க புஷ் வளையம் கடைய வேண்டும், டிஸ்க்கைக் கவ்வுகிற பிரேக் பெட்டியைத் தாங்க இரும்பில் ஒரு பட்டை வெட்ட வேண்டும். அந்தப் பட்டைக்கு அளவு எடுத்தது நீங்கள். ஷூவுக்கு எடுப்பதுபோலவே அட்டையில் வெட்டிக் கொடுத்தீர்கள். பாய் அதை அப்படியே இரும்பாக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், நம் வாசலில் கோலமாவால் ஒரு கோடு போட்டீர்கள். "இன்னா சிஸ்டர், இங்க நின்னு பாரு. கோட்டத் தாண்டுனா நாளைக்கே வித்துடறேன்." கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் நான் உங்களுக்கு சிஸ்டர்தான். தெருமுனையிலிருந்து வந்தீர்கள். கோட்டருகே பிரேக்கைப் பிடித்தீர்கள். கிறீச்சென்று ஒரு சத்தம். கோடு போயிற்று, நான் போனேன், அடுத்த வீடு போயிற்று. கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆடுகளின் நடுவே போய் நின்றீர்கள். ஒரு ஆடு உங்களை மேலும் கீழும் பார்த்தது. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. விற்றுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ரபீக் பாய் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். பிரேக் பெட்டி தள்ளி உட்கார்ந்து டிஸ்க்கின் விளிம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. உங்கள் சட்டைப் பையிலிருந்து அட்டையை உருவினார்.

"இன்னா தோஸ்த், கோட்டுக்கு வெளிய சுத்தியும் இவ்ளோ ஜாஸ்தி வுட்டு வெட்டிக்கிற?"

"ஓரம் விடணும்ல பாய். கால் அச்சுல மாட்டி அடில இழுத்து மடிக்கணும்ல."

சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கே புரிந்துவிட்டது. ஷூவின் மேல்தோலுக்கு எப்போதும் விடுகிற ஓரம். கை பழகிய பழக்கத்தில் இரும்புக்கும் விட்டிருக்கிறீர்கள், அதுதான் பிரேக் பெட்டியைத் தள்ளிவிட்டது.

"யோவ், இரும்ப எங்கய்யா இழுத்து மடிக்கப் போற?" என்றார் பாய்.

நான் சிரித்தேன். அத்தனை மாதம் உள்ளே கிடந்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தேன். நிற்க முடியாமல் அந்தக் கோலமாவுக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் ஆடுகளின் நடுவே நின்று சிரித்தீர்கள். உங்கள் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, இதுகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உள்ளே போய்விட்டார். நிஜத்தைச் சொன்னால் மனசால் நான் வண்டியில் திரும்ப ஏறியது அப்போதுதான். புதுப் பட்டை வெட்டி, வண்டி கோட்டின்மேல் வந்து அசையாமல் நின்றதெல்லாம் பிறகு நடந்தது.

எனக்குக் கனவில் வருவது அதற்கப்புறம் வந்த விடியற்காலை. இரவு டியூட்டி முடிந்து வெளியே வருகிறேன், ஆஸ்பத்திரி வாசலில் நீங்களும் கறுப்பு வண்டியும். ஆம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். "நீ தட்டு, அது நிக்கும்," என்று உங்கள் தோளைக் காட்டினீர்கள். ஊர் தாண்டியதும் பனி. பாதித் தூக்கத்தில் உங்கள் முதுகில் சாய்ந்துகொண்டேன். விரிஞ்சிபுரம் கோபுரம் பனியில் அடிப்பாகமே இல்லாமல் மிதந்தது. தட்டினேன், நின்றது. கோபுரத்தைப் பார்த்தோம். ஒரு புளியமரத்தடியில் தட்டினேன், நின்றது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பாலாற்று மணல் தெரிந்த இடத்தில் தட்டினேன். தண்ணீர் இல்லாத ஆறு, வெள்ளையாக, முடிவே இல்லாமல் படுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் நீங்கள் இன்ஜினை அணைத்தீர்கள். எதற்கு என்று கேட்கவில்லை. நேரமாகிறது என்று சொல்லவில்லை. எனக்கு உங்கள்மேல் அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்கு. எந்த இடத்தில் தூங்கினேன், எந்த இடத்தில் விழித்திருந்தேன் என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படி எத்தனையோ வருடம் தட்டினேன், எத்தனையோ வருடம் நின்றீர்கள்.

கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த உங்களை நான் வேலை செய்த இடத்துக்கேதான் கொண்டுவந்தார்கள். இத்தனை பேருக்குப் பார்த்தவள், என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்தும் உங்கள் தோளில் தட்டினேன். திரும்பத் திரும்பத் தட்டினேன். கூட வேலை செய்கிறவள் என் கையைப் பிடித்து விலக்கினாள். அன்று ஒரு தடவைதான் நீங்கள் நிற்கவில்லை.

வந்தவரிடம் அட்டையைக் காட்டினேன். "இந்த வீலு இல்லன்னா இந்த வண்டிக்கு ஒரு சீட்டுதான் சார் இருந்திருக்கும்," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

இப்போதெல்லாம் மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். நாங்கள் இப்போது குடியிருக்கும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எங்கே போவதென்றாலும் அவள்தான். கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. போன வாரம் பாலாற்றுப் பாலத்தில் என்னையறியாமல் அவள் தோளில் தட்டிவிட்டேன். ஓரமாக நிறுத்தினாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

கீழே மணல் வெள்ளையாகப் படுத்திருந்தது. அவள் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றிக்கொண்டாள். போகலாமா என்று கேட்கவேயில்லை.