மஞ்சள் மாத்திரையும் விட்டுப்போன சிகரெட்டும்

மைசூர்

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று சாமுண்டி மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மலை மேகத்துக்குள் இருந்தது, இருக்கிறது என்று நம்பித்தான் கும்பிட்டேன்.

பாப்பா பிறந்த அன்றே, சிகரெட் நாற்றத்தோடு பேத்தியைத் தொடக்கூடாது என்று நாற்பது வருடப் பழக்கத்தை விட்டேன், எனக்கே பெருமை. பத்து நாளில் உலகம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. காபி டம்ளர் கையிலிருந்து நழுவும், விழுகிற சத்தம் யார் வீட்டிலோ கேட்கும். கொத்தமல்லி வாங்கப் போனவன் பழைய ஞாபகத்தில் நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறித் தூங்கி, எட்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற மருந்து ஆலையின் வாசலில் போய் நின்றேன். காவலாளி ஜடையன்தான் வீடு கொண்டுவந்து சேர்த்தான். பழைய சீக்கு திரும்பிருச்சாட்ட இருக்குது கண்ணு என்று அம்மா உன்னிடம் ஸ்பீக்கர் போனில் அழுதாள். ஊருக்கு வரும்போது பாப்பாவை அப்பா கையில் கொடுக்கலாமா என்று நீ கேட்டாய். நான் தூங்கவில்லை அம்மிணி, கண்ணை மூடிக் கிடந்தேன். வலித்தது.

சீக்கு திரும்பவில்லை. நான் சாப்பிடும் க்ளோசபின் மாத்திரையை சிகரெட் புகை இத்தனை நாள் உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிட்டதாம். புகை நின்றதும் அதே மாத்திரை உள்ளே அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் ரத்தம் பார்த்துச் சொன்னார். மாத்திரை வெள்ளணுவைக் குறைக்கிறதா என்று பார்க்க மாதாமாதம் ரத்தம் கொடுக்கிறவன், சிகரெட்டை விட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஆலையின் சோதனை அறையில் பத்து வருடம் இந்த மாத்திரைக்கான மஞ்சள் பொடியை நிறுத்துப் பார்த்தவன் நான். தண்ணீரில் கரையாது, அமிலத்தில் கரையும், எந்தச் சூட்டில் உருகும் எல்லாம் தெரியும், இது தெரியவில்லை. காதில் பேசிய குரல்களை அடக்கி உன் கல்யாணத்தில் என்னை மனுஷனாக நிற்கவைத்தது அந்தப் பொடிதான், அதன்மேல் கோபமில்லை. டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார், மூட்டம் மெல்லக் கலைகிறது. நேற்று கொத்தமல்லியோடு திரும்பினேன், பரவால்லையே, வழி தெரிஞ்சுதுங்களா என்று அம்மா கிண்டல்.

உன் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாது. பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

தை மாதம் வருவதை மறக்காதே. நீ கேட்டது தப்பில்லை, பெற்றவள் கேட்கத்தான் வேண்டும். நீயாகச் சொல்லும்வரை நான் கை நீட்டமாட்டேன். சொன்ன பிறகும் நின்றுகொண்டு வாங்கமாட்டேன், கீழே உட்கார்ந்துதான் வாங்குவேன். சுவரோரம் பாயை விரித்து உட்கார்ந்து பார்த்துவிட்டேன், என் மடிக்குப் பக்கத்தில் நீயும் உட்கார இடமிருக்கிறது.

உன் அப்பா
காளியப்பன்