முந்திக்கொண்டு கட்டிய கட்டணம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது, நிம்மதிதான் இல்லை. நீ நலமா என்று கேட்கலாம் என்றால் அதற்கு நீ போனைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. கோபம் அப்பா மேல் என்றால் அம்மா என்னடா செய்தேன் உனக்கு? பெற்ற வயிறு எப்படிப் பதறும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாயா? சரி, திட்டுவதற்கு இந்தக் காகிதம் போதாது, நேரமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பின்னால் மெஷின் ஓடி ஓடி மூட்டையே ஆடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அது என்ன, ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே. நம் வாலுக்கு, அதுதான் உன் தங்கச்சிக்கு, இங்கேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், அன்று நீ போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்ததும் உனக்கே தெரியும். அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் ஒரு உதவித்தொகை கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து இங்கேயே முதல் வருடம் சேருகிற பிள்ளைகளுக்கு, அரசாங்க உதவி, மார்க்குக்குக் கிடைக்கிற உதவி எல்லாம் கழித்த பிறகு கட்டணத்தில் எது பாக்கி நிற்கிறதோ அதை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். முதல் வருடத்தில் அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் படிப்பு முடிகிறவரைக்கும் கவலையில்லை. முதல் வருடத்தில் ஏறவில்லை என்றால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் சேர்க்க மாட்டார்கள். வாலுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது என்று பள்ளிக்கூட டீச்சரே சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை நானும் அவளும் போனோம். அந்தக் கட்டணக் கவுன்டரை யார் கட்டினார்களோ தெரியவில்லை, கண்ணாடியில் பேசுகிற ஓட்டை என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, கும்பிடுகிற மாதிரி குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே இருந்த அம்மா நல்ல மாதிரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். “உங்க பொண்ணுக்கு முதல் வருஷம் முழுசா கட்டியாச்சேம்மா, நாங்க எதைக் கட்டறது” என்று கேட்டார். யார் கட்டினது என்றேன், உன் பெயரைச் சொன்னார். அந்த நொடி எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, பின்னால் வரிசையில் நின்றவர்களையெல்லாம் திரும்பிப் பார்த்து “என் பையன், வெளியூர்ல இருக்கான், தங்கச்சிக்குச் சொல்லாமலே கட்டியிருக்கான்” என்று பெருமையடித்தேன். பெருமை அடங்குவதற்குள் அந்த அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். பாக்கி நின்றால்தான் உதவித்தொகை. பாக்கியே இல்லாத பிள்ளைக்கு அது கிடையாது. இந்த வருடம் கிடையாது என்றால் எந்த வருடமும் கிடையாது.

நான் உன்னைக் குறை சொல்லவே மாட்டேன், இது நம் வீட்டு வியாதி. வீட்டுக்காரர் தெரு முனை திரும்புவதற்குள் வாடகையோடு வாசலில் நிற்கிற குடும்பம் நாம். உன் அப்பா டீக்கடையில் கிளாஸ் கைக்கு வருவதற்கு முன்னாடியே காசைக் கொடுத்துவிட்டு, டீ வராமல் திரும்பி வந்த கதையும் உண்டு. யாரும் கேட்டு நாம் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று உங்களைச் சின்னதிலிருந்தே அப்படி வளர்த்துவிட்டோம். ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் வரவில்லையாம், எல்லோரும் கடைசி நாள் வரைக்கும் கட்டாமல்தான் இருக்கிறார்களாம். கவுன்டர் அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை, குனிந்தபடியே நின்றேன். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். பணத்தைக் கட்டிய ஆள் தானே கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், உடனே வாலு பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். நான் கேட்டால் செல்லாது, அவள் கேட்டால் செல்லாது, நீதான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடிவிடுவார்கள்.

இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போட்டோம். நான் பேசியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். உன் அப்பா பிடுங்கிக்கொண்டு, விஷயத்தைச் சொல்லாமல், “உன்னை யாருடா கட்டச் சொன்னது, நான் செத்தா போயிட்டேன்” என்று ஆரம்பித்தார். நீ வைத்துவிட்டாய். வைத்ததற்கு உன்னைச் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் அவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று எனக்குத் தெரியும். உன்னைப் படிக்க வைக்க முடியாமல் வேலைக்கு அனுப்பினோமே என்கிற புண் அவருக்கு இன்னும் ஆறவில்லை. சின்னவளுக்காவது தானே செய்துவிட வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் லாரிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். அதிலும் நீ முந்திக்கொண்டாய். பாவம், அவருக்கு வலியைச் சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

உன் தங்கச்சி அதற்கு மேல். அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உதவித்தொகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அண்ணன் கட்டினதைத் திருப்பினா அவன் மூஞ்சியில விட்டெறிஞ்ச மாதிரி ஆகும், அதுக்கு நான் படிக்காமலே இருப்பேன்” என்கிறாள். மீதி வருடங்களுக்கு என்னடி செய்வாய் என்றால் அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறாள். அந்த அப்புறம் யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தர் மேல் ஒருத்தருக்குப் பாசம் இருக்க வேண்டியதுதான், அதற்காக மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்ததைக் கோட்டை விடுவதா?

நேற்று உன் அறையில் கூட இருக்கிற அந்தக் குறட்டைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். அவனைத் திட்டாதே, நான்தான் விடாமல் குடைந்தேன். அம்மா அழுதால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லிவிடும். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்ததாமே, அதற்கென்று நீ சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத்தான் தங்கச்சிக்குக் கட்டினாயாமே. கேட்டவர்களிடம் உயரம் என்றால் பயம், அதனால் போகவில்லை என்று சொன்னாயாமே. உனக்கா உயரம் பயம்? ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வாட்ச்மேனைக் கதறவிட்டவன் நீ. கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது பொய் சொல்லத் தெரிய வேண்டாமா! போனை வைத்துவிட்டு, இஸ்திரி மெஷின் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு அழுதேன், யாராவது கேட்டால் வியர்வை என்று சொல்லலாமே. சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். கை துடைத்த கிரீஸ் துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

ராசா, இப்போது அம்மா சொல்வதைக் கேள். நீ கொடுத்ததை நாங்கள் வேண்டாம் என்று தள்ளவில்லை. நீ கட்டிவிட்டாய், உன் தங்கச்சிக்கு அது காலத்துக்கும் தெரியும், யாராலும் அதை அழிக்க முடியாது. ஆனால் அவளுக்குக் கட்ட ஒரு பல்கலைக்கழகமே கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உனக்குக் கட்ட யார் இருக்கிறார்கள்? உன்னைத் தவிர யாரும் இல்லையே. கிடங்கில் மூட்டை தூக்கியே உன் முதுகு போய்விட்டால் நான் யாரைப் போய்க் கேட்பேன்? பயிற்சியில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று அந்தத் தம்பி விசாரித்துச் சொன்னான். பணத்தைத் திருப்பி வாங்கு, நீ போய்ச் சேர். இது தங்கச்சிக்குச் செய்கிற குறைவும் இல்லை, எங்களுக்குச் செய்கிற அவமானமும் இல்லை. ஒரு பிள்ளை படிப்பதற்கு இன்னொரு பிள்ளையைத் தின்னக் கொடுக்க என்னால் முடியாது. ஒரு தடவை கொடுத்துவிட்டோம், இன்னொரு தடவை மாட்டேன்.

கவுன்டர் அம்மாவின் நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பெயரைச் சொன்னாலே போதும், நம் கதை அவருக்கு அத்துப்படி. வேளைக்குச் சாப்பிடு, முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படு, போனைத் திறந்து வை. நீ நினைத்தது நடக்கட்டும், நீ ஏறுகிற உயரத்தில் உன் கால் தடுமாறாமல் இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு கண்ணே.

மறக்காமல் ஒன்று. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவன் குறட்டைக்காரத் தம்பி. அவன் கையில் கொடுத்தது தபால்காரர் இல்லை. இரண்டு பஸ் மாறி, இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே வந்த உன் அப்பாதான். “நான் வாயைத் திறந்தால் மறுபடியும் கெடுத்துவிடுவேன், நீயே எழுதிக் கொடு, அவன் படித்து முடிக்கிறவரைக்கும் கீழேயே நிற்கிறேன்” என்று சொல்லித்தான் கிளம்புகிறார். இப்போது உன் தெருவில் நிற்கிற ஏதாவது ஒரு லாரியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவரால் சும்மா நிற்க முடியாது. அவராக மேலே வர மாட்டார். இறங்கிப் போய் “வாங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிடு. அதற்கு மேல் அவருக்குத் தாங்காது.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா