ஒரு ராத்திரி ஆறட்டும்

ஹடப்சர், புனே
9.2.2025

அன்புள்ள சரசாவுக்கு,

இங்கு நான் நலம். நீயும் மச்சான் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழில் நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே. "போன்ல பேசுனா எனக்கு நல்ல வார்த்த வராது, எழுதச் சொல்லு" என்று நீ சொன்னதாக ரவிசந்திரன் மச்சான் சொன்னார். உடனே தபாலாபீசுக்குப் போய் இன்லேண்டு லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் மேஜையைக் குடைந்து தூசி தட்டிக் கொடுத்தாள். விலை மலிவு. போனுக்கு ரீசார்ஜ் பண்ணுவதைவிட இது தேவலை என்று நாலைந்து சேர்த்தே வாங்கிவிட்டேன்.

அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தபோது காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாய். நான் ஊருக்குக் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. அம்மா போன துக்கம், சொந்தக்காரர்கள் கூட்டம், பேச முடியாதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். எழுத்திலாவது பேசு.

இங்கே ஒரு குறையும் இல்லை. ரஞ்சன்காவ் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஏறாமல் நடந்துவிடுகிறேன். காய்கறிக்கு, நீ பழக்கியபடியே, கடை கட்டும் நேரத்தில்தான் போகிறேன். கொத்தமல்லிக் கட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன், இன்னும் கனக்கிறது. நாம் குடித்தனம் வைத்த நாளிலிருந்து வீட்டுச் செலவு இவ்வளவு குறைந்த மாதமே கிடையாது. கேட்டால் சந்தோஷப்படுவாய்.

விரயம் என்றால் பால் ஒன்றுதான். தூத்வாலா தினமும் ஒரு பாக்கெட்டைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகிறான். தனி ஆளுக்கு அது அதிகம். தயிருக்கு உறை ஊற்றியும் மிஞ்சுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லட்டுமா?

கோந்த்வா வீட்டுக்கு மார்ச் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று பில்டர் ஆபீசிலிருந்து கேட்கிறார்கள். கையெழுத்துக்கு நீயும் வேண்டும். எந்தத் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுக்கட்டும்? சீக்கிரம் சொன்னால் ஸ்லீப்பரில் இடம் கிடைக்கும். எதிர்வீட்டு வைஷாலி பார்க்கும்போதெல்லாம் "வஹினி கதீ யேணார்?" என்கிறாள். அண்ணி எப்போது வருவாள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? "லவகர்", சீக்கிரமே, என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
மாடசாமி


கோவில்பட்டி
17.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எழுத்துப்பிழை இருந்தது. சிரிக்கவில்லை. சிரிப்பு வந்து நாளாயிற்று.

செலவு குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடுகிற வாயில் ஒன்று குறைந்தால் செலவு குறையத்தானே செய்யும்? அந்த வரியை வாசித்ததும் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடலாமா என்று வந்தது. எல்லாம் எழுதினீர்கள், கொத்தமல்லி விலைகூட எழுதினீர்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். "அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு, ஒடனே கெளம்பி வா" என்றான். நீங்கள்தான் போனில் தேடினீர்கள். விடியற்காலை விமானத்தில் ஒரு சீட்டு இருந்தது. சென்னையில் மாறி மதுரை, மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். பொங்கல் கூட்டம், விலை நம் இரண்டு மாத வாடகைக்கு மேல். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். "நம்ம சட்டந்தான சரசா. ஒரு ராத்திரி ஆறட்டும், காலைல பாத்துக்கிடுவோம்" என்றீர்கள்.

காலையில் பார்த்தபோது அந்த விமானம் போய்விட்டிருந்தது. மற்றதெல்லாம் ஒன்றரை மடங்கு. "ரயில்லயே போறேன்" என்று நான் சொன்னேன். "வேண்டாம், இதுலயே போ" என்று நீங்கள் சொல்லவில்லை. அன்று ராத்திரி நாகர்கோவில் வண்டியில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகப் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினீர்கள். வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் செலவு என்று நான்தான் கிண்டி வைத்திருந்தேன். வண்டி சோலாப்பூரைத் தாண்டும்போது அம்மா போய்விட்டாள். மறுநாள் நான் கோவில்பட்டியில் இறங்கியபோது அண்ணன் மொட்டைத் தலையோடு பிளாட்பாரத்தில் நின்றான். அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த விமானத்தில் போயிருந்தால் மத்தியானத்திலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அவளுக்கு நல்ல நினைவு இருந்ததாம். "ஏல ரவி, சரசா எதுல வாரா?" என்று கேட்டிருக்கிறாள். "ரயில்ல வாராம்மா" என்றிருக்கிறான். "அப்ப நேரமாவும்" என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். பிறகு என்னைக் கேட்கவே இல்லையாம்.

டிக்கெட் எடுக்க வேண்டாம். பாலைக் குறைக்கவும் வேண்டாம். மிஞ்சினால் வைஷாலிக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சரசா


ஹடப்சர், புனே
27.2.2025

அன்புள்ள சரசாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்து வாசித்தேன். பக்கத்து சீட்டுக்காரன் "க்யா ஹுவா அண்ணா?" என்றான். கண்ணில் தூசி என்றேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். யார் போட்ட சட்டம் அது? கல்யாணமான புதிதில் நான் தவணையில் பெரிய டிவி வாங்கிவந்ததும், தவணைக்காரன் வாசலில் நின்று கத்தியதும், உன் கம்மலை விற்று அடைத்ததும் உனக்கு மறந்திருக்காது. அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து, "அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாய். பெரிய செலவு எதுவானாலும் ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். பாதி ஆசை விடிவதற்குள் செத்துவிடும், விடிந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அதுதான் நிஜமான தேவை என்று நீதான் சொன்னாய். அப்படி ஆறப்போட்டுத்தான் ஸ்கூட்டர் வேண்டாம் என்று ஆயிற்று. வாஷிங் மெஷின் வேண்டாம் என்று ஆயிற்று. பிள்ளைக்காக டாக்டர் சொன்ன அந்த வைத்தியத்தைக்கூட ஆறப்போட்டோம். அதையும் வேண்டாம் என்று விடிந்ததும் நீதான் சொன்னாய்.

சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் உனக்குத்தான் ஏதாவது ஆகும் என்று எனக்குப் பயம். இது உனக்கு அசட்டுத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அன்று ராத்திரி நான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. நீயும் தூங்கவில்லை, மூச்சு விடுவதிலேயே தெரிந்தது. "எடுத்துருங்க" என்று ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் எழுந்து எடுத்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? எனக்குப் பெற்ற தாய் முகம் ஞாபகம் இல்லை. பண்டிகைக்கு எனக்கென்று தனியாக முறுக்கு சுட்டு அனுப்பியது அத்தைதான். நான் மட்டும் கல்லா?

உன்
மாடசாமி


கோவில்பட்டி
8.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கல் இல்லை. அப்படி நான் நினைக்கவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. என்னையே நான் கேட்டுப் பார்த்தேன். சொல்லிவிட்டால் அது என் செலவாகிவிடும். நான் கேட்டு நீங்கள் கொடுத்ததாகிவிடும். நான் கேட்காமலே நீங்கள் செய்வீர்கள் என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.

கல்யாணம் முடிந்து புனே ஸ்டேஷனில் இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? பஸ்ஸில் போகலாம் என்றேன். "மகாராணி பஸ்லயா போவா?" என்று டாக்ஸி பிடித்தீர்கள். போகிற வழியில் நிறுத்தி மல்லிகைப் பூ வாங்கினீர்கள், முழம் முழமாக, தலை கனக்கிற அளவுக்கு. சம்பளம் வர இன்னும் பத்து நாள் கிடந்தது. வீடு வந்து கதவைச் சாத்தியதும் நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே நின்றீர்கள்.

அந்த மனுஷன் வருவார் என்றுதான் அன்று ராத்திரி இருட்டில் கிடந்தேன். சட்டமாவது சத்தியமாவது என்று எழுந்து, டிக்கெட்டைப் போட்டுவிட்டு, "கெளம்புட்டி" என்று என்னை உலுக்குவார் என்று. அவர் வரவில்லை. எப்படி வருவார்? அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கனம் பிடித்தே தீர்த்துவிட்டவள் நான்தானே. பூவைக் குறைத்தேன், டாக்ஸியைக் குறைத்தேன், கடைசியில் ஆளே குறைந்துபோனார்.

இப்போது உங்கள் மேல் கோபம் அதிகம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் எனக்கு அதன் விலை ஞாபகம் வரும். உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த ராத்திரி ஞாபகம் வரும். அண்ணியின் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். கை பாட்டுக்கு ஓடுகிறது. சாப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றியே நாளைக் கடத்தாதீர்கள்.

அன்புடன்,
சரசா


ஹடப்சர், புனே
18.3.2025

என் மகாராணிக்கு,

இந்தத் தடவை இன்லேண்டு லெட்டர் இல்லை, ஸ்பீடு போஸ்ட். கவருக்குள் இருக்கும் தாளை முதலில் பார், பிறகு இதை வாசி.

பார்த்தாயா? ஏப்ரல் ஆறாம் தேதி, மதுரையிலிருந்து புனேவுக்கு விமானம். ஜன்னல் சீட்டு. அதற்குத் தனிக் காசு கேட்டான், கொடுத்தேன். உன் கடிதம் கைக்கு வந்தது, கதவில் நின்றபடியே வாசித்தேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருமுனைக் கடைக்குப் போய் டிக்கெட் போட்டு அச்செடுத்தேன். ஆறப்போடவில்லை, சரசா. ஒரு நிமிஷம்கூட ஆறப்போடவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய மாடசாமி உள்ளேதான் எங்கேயோ கிடந்திருக்கிறான், நான்தான் தேடாமல் இருந்துவிட்டேன்.

இதைப் போன ஜனவரியில் செய்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அத்தையை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. "அப்ப நேரமாவும்" என்று அவள் சொன்னது கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கிறது. என்னைத் திட்டு, அடி, வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டு. பக்கத்தில் இருந்து சொல்லிக் காட்டு, அது போதும்.

சூடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. சாமியிடம் போய், இனி ஏதாவது ஆனால் எனக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். கோந்த்வா வீடும் கிடக்கட்டும், நீ வந்த பிறகு பார்க்கலாம். ஆறாம் தேதி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியோடு வந்து நிற்பேன். மல்லிகை இங்கே இப்போது கொள்ளை விலை. அதனால் நிறைய வாங்கப் போகிறேன்.

பால் இன்னும் தினமும் வருகிறது.

உன்
மாடசாமி


கோவில்பட்டி
27.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கவரைப் பிரித்து டிக்கெட்டைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். அண்ணி பயந்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். துக்கம் இல்லை அண்ணி, இவரைப் பாருங்கள் என்று காட்டினேன். அந்த மனுஷன் இன்னும் இருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

அப்போதே பெட்டியை இறக்கினேன். துணிகளை மடித்து வைத்தேன். பாதி வைத்திருப்பேன், கை தானாக நின்றது. இத்தனை வருஷப் பழக்கம். பெரிய செலவு, ஒரு ராத்திரி ஆறட்டும் என்று டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

நன்றாகத் தூங்கினேன், அத்தான். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அப்படித் தூங்கினேன். விடிந்ததும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். போக வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட டிக்கெட், தோன்றாதா என்று மனதைக் கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டேன்.

கோபம் இருந்தால் வந்திருப்பேன், சண்டை போடவாவது வந்திருப்பேன். இப்போது அதுவும் இல்லை. உங்களைப் பிடிக்காமல் போகவில்லை, அதை மட்டும் நம்புங்கள். அம்மா காத்திருந்த பகலை நான் ராத்திரி ரயிலுக்குக் காத்துக் கழித்தேன். இனி அவள் வீட்டில் கழிக்கிறேன். கோந்த்வா வீட்டை உங்கள் பெயரில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். என் கையெழுத்து தேவைப்பட்டால் காகிதத்தை அனுப்புங்கள், போட்டு அனுப்புகிறேன். வைஷாலி கேட்டால் இனிமேல் "லவகர்" என்று சொல்ல வேண்டாம்.

இதையும் ஸ்பீடு போஸ்டில்தான் போடுகிறேன், கிடைத்த அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் அதிகமாகும். உடனே செய்தால் பாதியாவது திரும்ப வரும். இதை மட்டும் ஆறப்போடாதீர்கள்.

பிறகு, தூத்வாலாவிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லிவிடுங்கள். ஒரு ஆளுக்கு அது போதும்.

சரசா