பின்சக்கரத்து ரப்பர்

ஞாயிறு, இரவு.

மனைவியின் தம்பி மாரண்டஹள்ளியிலிருந்து தன் பழைய காரை ஓட்டிவந்தான். அதை நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"கம்பெனியிலேயே ஒசரமான ஸ்பிரிங் போட்டு வந்த வண்டிங்க மாமா. எந்தக் குழியிலயும் தட்டாதுங்க" என்றான்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த மாடலில் உயர ஸ்பிரிங் என்றால் பச்சைப் பெயிண்ட் கோடு இருக்கும். இதில் சாதாரண ஸ்பிரிங்குக்கு உரிய மஞ்சள் கோடுதான். பின்பக்கம் சுருள்களுக்கு நடுவே, உயரம் கூட்டும் கெட்டி ரப்பர். முன்பு வைத்திருந்தவர் தக்காளிப் பெட்டிகள் ஏற்றச் செருகியிருப்பார். மச்சானுக்குத் தெரியாது. அவன் பொய் சொல்கிற ஆளில்லை.

லோடு இல்லாவிட்டால் அந்த ரப்பர் தூக்கித் தூக்கிப் போடும். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால்தான் காரே வாங்குகிறோம். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து அதியமான்கோட்டை வரை போய்வந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணாடியில் பார்த்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

இறங்கியதும் மனைவி அப்பாவிடம் கேட்டாள். "எப்படிங்க மாமா இருந்துச்சு?"

"மெத்தையில உக்காந்த மாதிரி இருந்துச்சும்மா" என்றார் அப்பா.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ரப்பரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பக்கத்து அறையில் அப்பா இன்னும் புரண்டுகொண்டிருக்கிறார்.