முள்ளிலந்தைக் கிளைக்கு ஓர் இருக்கை

அன்பு மகன் லுபபாலோவுக்கு,

நான் நலம். மாடுகளும் நலம். கேப் டவுனில் நீ பத்திரமாக பஸ் ஓட்ட வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் வேண்டிக்கொள்கிறேன்.

நான்காம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கரும்பலகையில் நம் மாவட்டப் படத்தை வரைந்து, ஆற்றை நீலச் சாக்பீஸால் இழுத்து, இக்கரை ஒரு நகராட்சி, அக்கரை இன்னொரு நகராட்சி, ஆறுதான் எல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து, "அப்ப தண்ணி யாருது, டீச்சர்?" என்றாய். பள்ளியில் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது உன் அம்மா போட்ட சட்டம். "ரெண்டு பேருக்கும் சொந்தம்" என்று சொல்லி உன்னை உட்கார வைத்தேன்.

ஒரே மேசையில் உட்கார்ந்த இரண்டு பையன்களை நினைத்துப் பார். நடுவில் மைப்புட்டி இருக்கும்வரை, "என்னுது, என்னுது" என்பார்கள். அது கொட்டிவிட்டால், "அவனுது டீச்சர்" என்பார்கள். நம் ஆறு இப்போது கொட்டிய மை.

போன வியாழக்கிழமை அக்கரை மண்டபத்தில் பாலத்துக்கான கூட்டம் மறுபடி நடந்தது. இரண்டு நகராட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். நம் ஊர் சார்பில் எப்போதும் போய்வந்த உன் அம்மாவுக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மாட்லோமோவும் துணைக்கு வந்தாள். ஆற்றில் இறங்க இருவருக்கும் மனம் வரவில்லை. வேன் ஏறி டவுன் வரை போய், நெடுஞ்சாலைப் பாலத்தைக் கடந்து, மறுகரை வழியாக இறங்கிப் போனோம். ஒரு கல்லெறி தூரத்துக்கு அரை நாள் பயணம்.

ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது. பிறகு வழக்கம்போல, முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். வந்தவர்கள் பெயர். தகவல் சொல்லிவிட்டு வராதவர்கள் பெயர். அப்புறம், "தகவல் சொல்லாமல் வராதவர்: திருமதி வுயெல்வா." உன் அம்மா பெயர். அந்தக் குமாஸ்தா புதுப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனாள்.

நான் எழுந்தேன். அந்த முந்தைய கூட்டத்தன்று காலை உன் அம்மா தேவாலயத்துச் சிவப்புச் சட்டை போட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியதைச் சொன்னேன். இங்கே வெயில் காய்ந்தது, மழை மலையில் பெய்திருந்தது, வெள்ளம் சொல்லாமல் வந்தது என்றேன். "அவ வராம இருக்கல. வந்துகிட்டு இருந்தா. அதத் திருத்தணும்" என்றேன்.

நம் கவுன்சிலர் நோமலிசோவை உனக்குத் தெரியும், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், வந்தவங்க, சொல்லிட்டு வராதவங்க, சொல்லாம வராதவங்க, மூணு தலைப்புதான் இருக்கு. வந்துகிட்டு இருந்தவங்கன்னு ஒண்ணு இல்லையே" என்றாள்.

மாட்லோமோ விடுவாளா? "அப்ப நாலாவதா ஒண்ணு போடு, தாயி. ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க வீட்டுச் சோளமும் பீன்ஸும் தின்ன கைதான அது? ஒரு வரி எழுத அதுக்குத் தெம்பில்லையா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். திருத்தத்தை நான் முன்மொழிந்தேன், அவள் வழிமொழிந்தாள். குமாஸ்தாப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள்: "வந்துகொண்டிருந்தார்."

அடுத்து பாலம். இந்தக் கரைத் தூண் எங்களுடையது, அந்தக் கரைத் தூண் அவர்களுடையது, மேலே போகும் தளம் யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லையாம். அடுத்த நிதியாண்டில் பேசலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் மாட்லோமோ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் வந்தபோது மெல்லச் சொன்னாள்: "எழுதிட்டாங்க, சரி. ஆனா இன்னும் வந்துகிட்டேதான இருக்கா, டீச்சர்? வீடு வந்து சேரலியே."

லுபபாலோ, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அடக்கம் முடிந்த அன்று, மாட்டுத் தொழுவத்து வாசலில் பெரியப்பா உன்னிடம் முள்ளிலந்தைக் கிளையை நீட்டினார். அம்மாவின் உடலைக் கண்டெடுத்த அக்கரை ஆற்று வளைவுக்குப் போய், கிளையைத் தரையில் தொட்டு, அவள் ஆவியைக் கிளையில் ஏற்றி, நம் வழக்கப்படி பேசிப் பேசி வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னார். நீ வாங்கவில்லை. "அந்தத் தண்ணி வழியா எங்கம்மாவ இன்னொரு தடவ இழுத்துட்டு வரமாட்டேன். பாலம் போடட்டும், வரேன்" என்று சொல்லி, மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். அன்று உன்னை யாரும் தடுக்கவில்லை. நீ சொன்னது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

ஆனால் பாலம் வராது, மகனே. என் காலத்தில் வராது. உன் அம்மா அந்த வளைவில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, இரண்டு நகராட்சிகளும் பேசி முடிப்பதற்குக் காத்திருக்கிறாள். மாலையில் இக்கரையில் நம் வீட்டுப் புகை எழுவது அவளுக்குத் தெரியும் என்று நினைக்கும்போது, எனக்கு அடுப்பு மூட்டவே கை வருவதில்லை.

நானே போகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். அவள் முதலில் பெற்றவன்தான் போக வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

ஆற்றில் இறங்க வேண்டாம். நான் வந்த சுற்றுவழியிலேயே அவளைக் கூட்டி வா. வேன்காரனிடம் பேசிவிட்டேன். கிளைக்கு ஓர் இருக்கையைக் காலியாக விடுகிறேன், யாரும் உட்கார மாட்டார்கள் என்றான். நெடுஞ்சாலையில் ஒரு பாலம் இருக்கிறது அல்லவா? அதன் மேல் வரட்டும் அவள். பாலம் பாலம் என்று கேட்டுக் கேட்டே போனவள், ஒரு தடவையாவது கால் நனையாமல் ஆற்றைக் கடக்கட்டும். நீ வரும் நாள் தெரிந்தால், அம்மாவை வரவேற்க மாட்லோமோ சோளப் பீர் காய்ச்சுகிறாளாம்.

ஒரு கிளையோடு என்ன பேசுவது என்று அன்று பெரியப்பாவிடம் கேட்டாய். நீ தினமும் பேசுவதைத்தான். ஏறுகிறோம், திரும்புகிறோம், பள்ளம் வருகிறது பிடித்துக்கொள், இறங்கும் இடம் வந்துவிட்டது. அவ்வளவுதான். வழியைச் சொல்லிக்கொண்டே வந்தால் அவள் பின்னால் வருவாள்.

நம் முன்னோர் உன்னோடு இருக்கட்டும். உன் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் வீடு சேரட்டும்.

இதைப் படித்த மறுநாள் காலை பஸ்ஸைக் கிளப்பும்போது, யார் காதிலும் விழாமல், முதல் நிறுத்தத்தின் பெயரை அம்மாவிடம் சொல்லிப் பார்.

உன் அப்பா,
ம்புயிசெலோ