நாக்குக்கடியில் கொஞ்சம் புல்

பிப்ரவரி 3
புல் பூக்கிற பருவம் இன்னும் வரவில்லை. ஆனாலும் இவர் பழக்கதோஷத்தில் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால்பந்து மைதானத்தில் புல் வெட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, புல்லின் மகரந்தம் பட்டாலே தும்மி, மூச்சு இரைத்துப் போகிறவளாக நான் இருந்தால் வேறென்ன நடக்கும்? பருவம் வந்தால் இவருக்குக் கூடத்தில் தனிப்படுக்கை. தங்களுக்குப் புருஷன் ஒத்துக்கொள்ளாத பெண்டாட்டிகள் ஊரில் நிறைய. அதைத் தும்மிக் காட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 11
ஆஸ்பத்திரியில் நடக்கிற ஒவ்வாமை மருந்து ஆய்வில் சேர்ந்தாயிற்று. மகரந்தத்தையே மாத்திரையாக்கித் தினமும் நாக்குக்கடியில் வைப்பார்களாம். உடம்பு மெல்ல மெல்ல அதோடு சமாதானமாகலாம் என்றார் டாக்டரம்மா. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதென்று அவருக்கே தெரியாதாம். டாக்டருக்கே தெரியாததை எதை நம்பி வாயில் போடுவது என்று இவர் வீடு வரும்வரை புலம்பினார்.

பிப்ரவரி 16
மருந்துக்கு முன்னால் ஒரு சோதனை. ஆய்வில் சேர்ந்த எங்களையெல்லாம் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காற்றாடியால் மகரந்தத்தை ஊதிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு தலைமையாசிரியர், ஒவ்வொரு தும்மலுக்கும் "மன்னிக்கணும்" என்றார். போகப்போக எது தும்மல், எது மன்னிப்பு என்றே தெரியவில்லை. எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியதும் நர்ஸ் என்னை முதல் ஆளாக வெளியே கூட்டிப்போய்விட்டார். ஒரு பரீட்சையில் நான் முதலாவதாக வந்தது இதில்தான்.

பிப்ரவரி 20
முதல் மாத்திரை, ஆஸ்பத்திரியில் வைத்தே. நாக்கு அரித்தது. மாவென்றால் அரிக்காதே! உடனே இவருக்குப் போன் செய்தேன்.
"நல்லா அரிக்குதா?"
"நல்லாவே அரிக்குது."
"அப்பாடா."
இத்தனை கனிவாக இவர் என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 14
அரிப்பு நின்றுவிட்டது. மாவுதானோ? அன்றைக்கு அரித்தது ஆசையோ?

மார்ச் 15
நர்ஸிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். சுவரிடம் கேட்டிருக்கலாம்.

மே 22
பருவம் தொடங்கிவிட்டது. இன்று பெரிய சண்டை. வேலையிலிருந்து வந்தவர் குளிக்காமல், தலைமுடியெல்லாம் புல்லோடு, சாப்பாட்டுத் தட்டோடு நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். என் மூச்சு என்ன உங்களுக்கு விளையாட்டுப் பொருளா? மருந்தா மாவான்னு பாக்க என்னைத்தான் பலி குடுக்கணுமா? இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.
"சோதிச்சுப் பாக்க வரல. உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்போல இருந்துச்சு," என்றார். எழுந்து குளிக்கப் போனார்.
படுத்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்துக் கத்தியிருக்கிறேன். இரைக்கவே இல்லை. தும்மல் ஒன்றே ஒன்று, அதுவும் அரைகுறை.
இதை இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மே 23
சொன்னேன். சிரித்துத் தொலைத்தார்.

ஜூன் 30
மறுபடியும் கண்ணாடி அறை. தலைமையாசிரியர் பழையபடியே தும்மலாகப் பொழிந்து தள்ளினார். நான் அவ்வப்போது ஒன்று. பரீட்சையில் பார்த்து எழுதியவளைப் பார்ப்பதுபோல என்னை முறைத்தார். "எனக்கு வெறும் மாவும்மா, சந்தேகமே இல்ல," என்றார். யாருக்கு எதென்று டாக்டரம்மாவுக்கு இப்போதும் தெரியாதாம். அடுத்த வருஷம்தான் சொல்வார்களாம். மைதானத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். இன்ஹேலர் கையில் இருக்கட்டும், இரைத்தால் உடனே திரும்பிவிட வேண்டும், மற்றபடி போய்ப் பாருங்கள் என்றார்.

ஜூலை 12
சொல்லாமல் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வேலை செய்வதை இன்றுதான் பார்க்கிறேன். மிஷினுக்கு மேலாகக் கத்திப் பாடுகிறார், சுதி கொஞ்சமும் இல்லாமல். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, வராதே, மேலெல்லாம் புல் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். நான் நடக்க நடக்க அவர் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் கோல் வலைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டார்.
அதற்கு மேல் போக இடமில்லை. கிட்டே போய், தலையில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.